காலையில் கை உதறுமா?

வலிப்பு வந்து எழுந்தவரிடம் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. கை கால் இழுத்து நினைவு தப்பும் பெரிய வலிப்பில், அந்த இரண்டு மூன்று நிமிடம் அவர் கணக்கிலேயே இருக்காது. டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். நாம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். மிச்சம் இருப்பது பக்கத்தில் நின்று பார்த்தவர் மட்டும்தான். என் அக்கா மகள் விஷயத்தில் அப்படிப் பார்த்தவன் நான். ஸ்கேன் சொல்லாத விஷயத்தை, பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதீங்க மாமா" என்றாள்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வீடு குகையில். அக்காவை ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கட்டிக்கொடுத்தோம். கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. ஆடி மாதம் குகை மாரியம்மன் கோவில் வண்டி வேடிக்கைக்கு வருஷா வருஷம் குடும்பத்தோடு மலையிறங்கி வந்துவிடுவார்கள். அந்த வருஷமும் சாமி வேஷம் கட்டிய வண்டிகளை எல்லாம் பார்த்து முடித்து வீடு வந்து சேர நடுராத்திரி தாண்டிவிட்டது. அதற்கப்புறமும் பிள்ளைகள் மொட்டை மாடியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். விடியப் போகும்போதுதான் கண் அசந்திருப்பார்கள்.

காலையில் என் மனைவி அவளை எழுப்பிக் காபி டம்ளரைக் கையில் கொடுத்தாள். நான் எதிரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் தோள் இரண்டும் ஒரு வெட்டு வெட்டின, யாரோ பின்னாலிருந்து பிடித்து உலுக்கிய மாதிரி. டம்ளர் எகிறிக் காபி சுவரில் தெறித்தது. தம்பிக்காரன் சிரித்தான், அவளும் சிரித்தாள். மறுபடி ஒரு வெட்டு. உடனே இன்னொன்று. அப்புறம் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையிலும் சேராது, கத்தலிலும் சேராது. கண் திறந்தபடியே மேலே செருகியது. உடம்பு விறைத்து அப்படியே சாய்ந்தாள். அதன் பிறகு இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே தாளத்தில் இழுக்க ஆரம்பித்தன. உதடு நீலம் பாரித்தது, வாயில் நுரை, துணி நனைந்தது.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு ஓரளவு தெரிந்திருந்ததற்குக் காரணம் பட்டறைதான். முன்பு எங்களிடம் வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு வலிப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லோரையும் கூப்பிட்டு, "எனக்கு இப்படி வரும், வந்தா இதைச் செய்யுங்க, இதைச் செய்யாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பற்றவைக்கும் நெருப்புப் பக்கம் அவரை உட்கார வைக்காமல், எடை போட்டுக் கட்டும் வேலையைக் கொடுத்தோம். மறைக்காமல் சொன்ன அந்த மனிதரால்தான் அன்று என் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பல் உடையாமல் தப்பித்தது.

ஏனென்றால் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் ஸ்பூனோடு வந்துவிட்டார், நாக்கைக் கடித்துவிடாமல் பல்லுக்கு நடுவே வைக்க வேண்டுமாம். வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது. பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குப் போகும், வைப்பவர் விரலும் தப்பாது. நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது நடக்கவே முடியாத விஷயம். தண்ணீர், சோடா எதுவும் ஊற்றக் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் வலிப்பு நிற்காது, தோள்பட்டைதான் இறங்கும். தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தேன், டீப்பாயை நகர்த்தினேன், சட்டைக் காலரைத் தளர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குள் போகாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது. எனக்கு என்னவோ அரைமணி நேரம் நின்ற மாதிரிதான் இருந்தது.

சாவிக்கொத்தும் வந்தது. அது வராமல் தமிழ்நாட்டில் வலிப்பு அடங்கியதாகச் சரித்திரம் இல்லை. கையில் வைத்தார்கள், சில நொடியில் இழுப்பு நின்றது, "பார்த்தீங்களா!" என்றார் பாட்டி. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். இரும்பைத் தேடி எடுத்து வருவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். பாட்டியோடு அந்த நேரத்தில் வாதம் எதற்கு? சாவியைக் கையில் வைப்பதால் கெடுதல் பெரிதாக இல்லை, அதைத் தேடி எல்லோரும் ஓடி, பிள்ளையைத் தனியாக விட்டுவிடாத வரைக்கும்.

வலிப்பு நின்ற பிறகு குறட்டை விட்டுத் தூங்கினாள். எழுந்ததும் "நாம எங்க இருக்கோம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பதில் சொல்வோம், மறுபடி அதையே கேட்பாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, தலைவலி. நாக்கின் ஓரத்தில் கடிபட்டிருந்தது.

108-ஐக் கூப்பிட வேண்டிய நேரங்கள்: வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், ஒன்று நின்று நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தால், விழுந்து அடிபட்டிருந்தால், தண்ணீருக்குள் வந்திருந்தால், மூச்சு சரியாக வரவில்லை என்றால், கர்ப்பிணி அல்லது சர்க்கரை நோயாளி என்றால். முதல் தடவை வருகிறது என்றாலும் கூப்பிடத்தான் வேண்டும், நின்றுவிட்டாலும் சரி. எங்களுக்கு அதுதான் முதல் தடவை என்று நினைத்தோம்; போனோம்.

அவசரப் பிரிவில் முதலில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் வலிப்பு வரும் என்பதால் அதுதான் முதல் வேலை. ரத்தத்தில் சோடியம், கால்சியம் பார்த்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள், வலிப்புக்கு எதற்கு இதயப் பரிசோதனை என்று அக்கா முணுமுணுத்தாள். இதயத் துடிப்பில் கோளாறு இருந்து மயங்கி விழுபவர்களுக்கும் கை கால் வெட்டும், பார்ப்பவருக்கு வலிப்பாகவே தெரியும். அது உயிருக்கு ஆபத்தான விஷயம், அதனால் ஈசிஜியைத் தவிர்க்கக் கூடாது. தலைக்கு சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "ராத்திரி தூங்கலை, அதான். ஒண்ணும் இல்லை, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். தூக்கம் கெட்டதால் வந்தது என்பது பாதி உண்மைதான். ஆனால் ராத்திரி முழுக்கக் கண் விழித்த மற்ற பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை என்ற மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை.

அக்கா மாமியாரும் "அதான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கினேன். வசதி இல்லாதவர்கள் தயங்க வேண்டாம்: சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. எந்தக் கிழமை புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு ஓர் அலைச்சல் மிச்சம்.

டாக்டரம்மா ஃபைலை வாங்கி ஓரமாக வைத்தார். "யார் முதல்லயிருந்து பார்த்தது?" என்றார். நான் சொல்லச் சொல்லக் குறுக்கே கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் ஒரு பக்கம் மட்டும் இழுத்ததா, இரண்டு பக்கமுமா? தலை ஒரு பக்கம் திரும்பியதா? கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? விழுவதற்கு முன் முகம் வெளுத்ததா, வேர்த்ததா? எழுந்த பிறகு தெளிவு வர எவ்வளவு நேரம் ஆச்சு? வீடியோ இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை. ஆனால் ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, இன்னொருவர் கையில் போன் இருந்தால், எடுத்து வைப்பது நல்லது என்றார்.

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்பது அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. வெயிலில் வெகுநேரம் நின்று, கண் இருட்டி, வேர்த்து, வெளுத்து, துவண்டு விழுந்து, சில நொடி கை வெட்டி, உடனே தெளிந்து எழுந்தால், அது பெரும்பாலும் சாதாரண மயக்கம். ஒரு பக்கக் கை மட்டும் முதலில் இழுத்தால், மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பொருள். சிலருக்கு இழுப்பே இருக்காது. பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று வெறித்துப் பார்ப்பார், வாயை மெல்லுவார், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார், ஓரிரு நிமிடம் கழித்து எதுவும் தெரியாதவராகத் திரும்புவார். அதுவும் வலிப்புதான். இன்னும் சிலருக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கூடிக் குறைந்து, பத்து இருபது நிமிடம் நீளும். அது மன அழுத்தத்தால் வரும் வேறு வகையாக இருக்கலாம். "நடிக்கிறாங்கன்னு சொல்லிடாதீங்க, அவங்களுக்கும் வைத்தியம் வேணும், ஆனா அது வலிப்பு மாத்திரை இல்லை" என்றார்.

அப்புறம்தான் பெண்ணின் பக்கம் திரும்பினார். "காலையில எழுந்ததும் கை உதறுமா? கையில இருக்கிறது கீழ விழுமா?"

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "விழும் டாக்டர். பிரஷ் விழும், சீப்பு விழும். ஒருநாள் தோசைக் கரண்டி."

"எவ்வளவு நாளா?"

"பத்தாவது பரீட்சை டைம்லயிருந்தே. எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். 'கையில பிடிமானமே இல்ல, எந்நேரமும் போன் நினைப்பு' என்று அந்த வீட்டில் தினம் அவளுக்கு விழும் திட்டை நானே கேட்டிருக்கிறேன். காபி சிந்திய அந்த வெட்டும் இதே ரகம்தான். ஆக ஆடி மாதம் நடந்தது முதல் வலிப்பு இல்லை. சின்னச் சின்னதாக இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்திருக்கிறது.

டாக்டரம்மா சொன்ன பெயர் ஜுவெனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி. எபிலெப்சி என்றால் வலிப்பு நோய்; இது வளரும் வயதில் தொடங்கி, இப்படித் திடீர் வெட்டுகளோடு வரும் வகை. பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் தலைகாட்டும். எழுந்ததும் தோளும் கையும் வெட்டும்; தூக்கம் கெட்டால் பெரிய வலிப்பாக வரும். புத்திக்கு ஒன்றும் குறைவில்லை, படிப்பு நிற்க வேண்டியதில்லை. பொதுவாக, காய்ச்சல், சர்க்கரை இறக்கம், திடீரென்று குடியை நிறுத்துவது மாதிரி உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வந்தால் எபிலெப்சி என்கிறார்கள். ஒரே முறை வந்திருந்தாலும், மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்று பரிசோதனைகள் காட்டினால் அதுவும் எபிலெப்சி கணக்கில்தான் சேரும். எனவே ஒரு தடவை வலிப்பு வந்த எல்லோருக்கும் எபிலெப்சி என்று முத்திரை குத்துவதும் தவறு, ஒரு தடவைதானே என்று விட்டுவிடுவதும் தவறு.

இஇஜிக்கு எழுதிக் கொடுத்தார். தலைக்குக் குளித்து, எண்ணெய் துளிகூட வைக்காமல் வரச் சொன்னார்கள். தலையில் எண்ணெய் இல்லாமல் பெண்பிள்ளையை வெளியே அனுப்புவதா என்று அவள் பாட்டிக்கு அது ஒரு தனிக் கவலை. முந்தின ராத்திரி குறைவாகத் தூங்கச் சொன்னார்கள். அன்று வேண்டுமென்றே விழிக்க வைப்பது, கோளாறு இருந்தால் தெரியட்டும் என்றுதான். தலை முழுக்கப் பசை வைத்து ஒயர்களை ஒட்டுகிறார்கள். ஷாக் எதுவும் கிடையாது, மூளை வெளியிடும் சின்ன மின்சாரத்தை இயந்திரம் வாங்கிப் பதிகிறது, அவ்வளவே. மூன்று நிமிடம் போல வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார்கள், கண் முன்னால் விளக்கை மினுக்கினார்கள். விளக்கு மினுங்கும்போது அவள் கை ஒரு வெட்டு வெட்டியதைக் கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். அதே நேரத்தில் மூளையின் இரு பக்கமும் ஒன்றாக அலை எழும்பியிருந்தது. எங்களுக்கு அதிர்ஷ்டம், முதல் தடவையே தெரிந்துவிட்டது. எபிலெப்சி உள்ளவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இஇஜி நார்மலாக வரும். ரிப்போர்ட்டில் நார்மல் என்று பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியவரும் வேறொரு வலிப்புக் காரணம் பற்றியும் ஒரு விஷயம். காத்திருந்த இடத்தில் வாழப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவருக்கு ஸ்கேனில் மூளையில் நாடாப்புழுக் கட்டி. "நான் சைவம்ங்க, எனக்கெப்படி?" என்று அவருக்கு ஆறவே இல்லை. நம்மூரில் முட்டைக்கோஸ் புழு மூளைக்கு ஏறிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. கோஸில் நெளியும் பச்சைப் புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பன்றிக் கறியில் உள்ள நாடாப்புழு ஒரு மனிதனின் குடலில் வளர்ந்து, அவன் மலத்தோடு முட்டைகள் வெளியேறி, அந்த முட்டை தண்ணீரிலோ, கழுவாத கையிலோ, பச்சைக் காய் கீரையிலோ ஒட்டி நம் வாய்க்கு வருகிறது. அதனால் சைவம் சாப்பிடுபவருக்கும் வரும். கை கழுவுவது, காய்களை நன்றாகக் கழுவுவது, கழிப்பறையை உபயோகிப்பது, இவைதான் தடுப்பு. இதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் பூச்சி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. புழு சாகும்போது மூளையில் வீக்கம் வரும் என்பதால் டாக்டர் மேற்பார்வையில்தான் தருவார்கள்.

மாத்திரைக்கு வருவோம். அக்கா வீட்டுக்காரரின் பெரியம்மா மகனுக்கு வலிப்பு உண்டு, அவர் சாப்பிடும் மாத்திரையையே வாங்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. நல்ல வேளை, கேட்டோம். கார்பமாசெபின், ஃபெனிடாயின் போன்றவை சில வகை வலிப்புக்கு நன்றாகக் கேட்கும், இவளுடைய வகையில் அந்த வெட்டுகளைக் கூட்டிவிடும். இந்த வகைக்கு வால்ப்ரோயேட் நன்றாக வேலை செய்யும், ஆனால் கர்ப்பத்தில் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் இளம்பெண்களுக்குக் கூடியவரை தவிர்க்கிறார்கள். இவளுக்கு லெவெடிராசெட்டம் எழுதினார். ஏற்கனவே வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் பேசி மாற்றுங்கள்.

முதல் சில வாரம் அவளுக்கு எரிச்சல் அதிகமாக இருந்தது. தம்பியை அடித்தேவிட்டாள். இது மாத்திரையின் குணம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால் சமாளித்தோம், போகப் போகக் குறைந்தது. மனசு ரொம்பச் சோர்ந்தாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ உடனே போனில் சொல்லச் சொல்லியிருந்தார். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் உலகம் முழுக்க ஏறக்குறைய ஐந்து கோடிப் பேருக்கு எபிலெப்சி இருக்கிறது, சரியான மருந்து கிடைத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். அந்த எண்ணை அக்காவிடம் சொன்ன ராத்திரிதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

மலை வீட்டில் சில ஏற்பாடுகள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளியே ஒரு பலகையைத் தொங்கவிட்டார்கள். விறகடுப்புப் பக்கம் தனியாக வேலை இல்லை, கிணற்று மேட்டுக்குப் போவதில்லை. ராத்திரி பத்தரைக்கு விளக்கு அணையும், கல்யாண வீடாக இருந்தாலும். மாத்திரை எப்போதும் ஒரு அட்டை கூடுதலாக இருக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால், அதே மாத்திரை மேலே கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு: எப்போது கை வெட்டியது, முந்தின ராத்திரி தூக்கம் எப்படி, மாத்திரை தவறியதா, மாதவிலக்கு நாளா. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதை நீட்டினால் பாதிப் பேச்சு குறையும். கல்லூரி விடுதியில் உடன் தங்கும் பெண்ணுக்கும் வார்டனுக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

சொல்லக் கூடாது என்ற கட்சி ஒன்றும் வீட்டில் இருந்தது. "நாளைக்கு ஒரு நல்லது பார்க்கணுமே" என்றார் பாட்டி. இந்து திருமணச் சட்டத்தில் எபிலெப்சியை ஒரு தடையாக முன்பு எழுதி வைத்திருந்தார்கள், 1999-இல் திருத்தம் செய்து எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது, பாட்டி மாறச் சில வருஷம் ஆகும். சேர்வராயன் கோவிலில் வேண்டிக்கொண்டு கயிறு கட்டிவிட்டிருக்கிறார். கட்டட்டும். கயிறும் இருக்கிறது, மாத்திரையும் நிற்கவில்லை.

பெரிய சண்டை ஸ்கூட்டிக்குத்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மழையும் பனிமூட்டமும் வேறு. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் எபிலெப்சி உண்டா, திடீரென்று நினைவு தப்புமா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். பொய் எழுத முடியாது. போன தடவை டாக்டரம்மாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "இப்போதைக்கு பஸ்" என்றார். மாத்திரை எத்தனை வருஷம் என்று அக்கா கேட்டாள். இந்த வகையில் நிறுத்தினால் திரும்ப வருவது அதிகம், சில வருஷம் வலிப்பில்லாமல் போகட்டும், இஇஜியையும் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். ஸ்கூட்டியை இப்போது என் அக்கா ஓட்டப் பழகுகிறாள், நாகலூர் ரோட்டில் மட்டும்.